கோடி அற்புதரும் ஒரு கடன் சட்டமும்

எங்க ஹாஸ்டல்ல ஏதாவது தொலைஞ்சா என் ரூம்மேட் முதல்ல கட்டிலுக்கு அடியில தேட மாட்டான்; அந்தோணியார்கிட்ட சொல்லிடுவான். போன செமஸ்டர்ல அவனோட கால்குலேட்டர் காணாம போய், எக்ஸாமுக்கு அரை மணி நேரம் முன்னாடி என் பையில கிடைச்சது. அவன் அந்தோணியாரைச் சந்தேகப்படலை, என்னைத்தான் சந்தேகப்பட்டான். அப்போதான் இந்த மனுஷன் யாருன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

பதுவை அந்தோணியார்னு சொல்றோம். ஆனா அவர் இத்தாலிக்காரர் இல்லை. 1195 வாக்கில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்ல, வசதியான குடும்பத்துல பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஃபெர்னாண்டோ. சின்ன வயசுலேயே துறவு மடத்துல சேர்ந்தார். லிஸ்பன்ல நண்பர்கள் ஓயாம பார்க்க வந்ததால, தள்ளி இருந்த கோயிம்ப்ரா மடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். நல்ல நூலகம், அமைதியான படிப்பு. நம்ம பாஷையில சொன்னா செட்டில் ஆயிட்டார்.

1220-ல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அதே கோயிம்ப்ராவுக்கு வந்தன. அதைப் பார்த்தவர் மடத்தை விட்டுட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், பெயரையும் அந்தோணின்னு மாற்றிக்கிட்டார். மொராக்கோ போய் அவங்களைப் போலவே உயிரைக் கொடுக்கணும்ங்கிறதுதான் பிளான். போனார். அங்கே நோய்தான் வந்தது. ஊர் திரும்ப ஏறின கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டு போய்த் தள்ளியது.

1221-ல் அசிசியில் சபையின் பெரிய கூட்டம். கூட்டம் முடிஞ்சு எல்லாரையும் ஒவ்வொரு இடத்துக்கு அழைச்சிட்டுப் போறாங்க, இவரை மட்டும் யாரும் கேட்கலை. (இந்த வரியைப் படிக்கும்போது எனக்குப் பிளேஸ்மென்ட் சீசன் ஞாபகம் வந்தது.) கடைசியா ஒருத்தர் இரக்கப்பட்டு, மோன்தே பாவோலோ என்ற மலை மடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே பாத்திரம் கழுவினார், தரை பெருக்கினார். தான் எவ்வளவு படிச்சவர்னு வாயே திறக்கலை. 1222-ல் ஃபோர்லி நகரில் ஒரு குருப்பட்ட விழா. பிரசங்கம் செய்ய யாரும் தயாரா இல்லாததால இவரை எழுப்பி விட்டாங்க. அன்னைக்குத்தான் அவர் யாருன்னு சபைக்கே தெரிஞ்சது. அதுக்கப்புறம் இத்தாலி, தெற்கு பிரான்ஸ்னு பிரசங்கமும் கற்பித்தலும்தான்.

என்னை நிறுத்தினது 1231. அந்தத் தவக்காலம் முழுக்கப் பதுவாவில் தினமும் பிரசங்கம் செய்தார். அப்போ அந்த நகரத்துல வட்டித் தொழில் உச்சத்துல இருந்தது. கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் போடலாம். உள்ளே இருக்கிறவன் சம்பாதிக்கவே முடியாது, அப்புறம் கடனை எப்படிக் கட்டுவான்? மார்ச் மாசம் பதுவா நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது: தன் சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியை, கடனுக்காக மட்டும் சிறையில் வைக்கக் கூடாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் இது பொருந்தும். அந்தோணியார் கேட்டுக்கொண்டதால்தான் இதைக் கொண்டு வர்றோம்னு சட்டத்திலேயே எழுதி வச்சாங்க.

என் எஜுகேஷன் லோனில் ஜாமீன்தாரர் இடத்துல அப்பா கையெழுத்து இருக்கு. அதனாலதான் இந்தச் சட்டத்தை இரண்டு தடவை படிச்சேன்.

எல்லாமே ஜெயிச்சதுன்னு சொல்ல முடியாது. அதே வருஷம் வெரோனாவில் சிறைப்பட்டிருந்த ஒரு பிரபுவையும் அவர் ஆட்களையும் விடுவிக்கச் சொல்லிப் போனார். முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. உடம்பும் கெட்டுப்போச்சு. கம்போசம்பியேரோ என்ற ஊரில் ஒரு வால்நட் மரத்து மேலே கட்டின குடிசையில் தங்கினார். ஜூன் 13 அன்று மயங்கி விழுந்தவரை மாட்டு வண்டியில் பதுவாவுக்குக் கொண்டு போனாங்க. நகர எல்லைக்கு வெளியே ஆர்செல்லாவிலேயே உயிர் போயிடுச்சு. வயசு சுமார் 36.

ஒரு வருஷம் முடியறதுக்குள்ள, 1232 மே 30-ல் போப் புனிதர் பட்டம் கொடுத்துட்டார். அப்புறம் வந்த அற்புதக் கதைகள், கையில் குழந்தை இயேசுவோடு சிலைகள், நம்ம ஊர் செவ்வாய்க்கிழமைக் கூட்டம், கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இரண்டு நாட்டுப் படகுகள், எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கடன் சட்டக் கதையை ரூம்மேட்கிட்ட சொன்னேன். பிறந்ததுல இருந்து கோவிலுக்குப் போறவன், அவனுக்கே தெரியலை. வர்ற செவ்வாய் என்னையும் கூட்டிட்டுப் போறானாம். கால்குலேட்டர்ல மட்டும் இப்போ பெரிசா அவன் பேர் ஒட்டியிருக்கு.