வாலஸ் ஸ்டெக்னர்

1972-ல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் வாலஸ் ஸ்டெக்னர் (1909-1993). நாவல்கள் இருக்கட்டும். மார்மன் மதத்தாரின் சரித்திரத்தை அவர் எழுதிய விதம்தான் எனக்குப் பிடித்தது.

அப்பா கள்ளச்சாராயம் விற்றவர். ஊர் ஊராய் அலைந்த குடும்பம் 1921-ல் மார்மன்களின் தலைநகரான சால்ட் லேக் சிட்டிக்கு வந்தது. பையன் மார்மன் இல்லை. ஆனா அவங்க பிள்ளைகளோடுதான் வளர்ந்தான். பெரியவரான பிறகும் அந்த மதத்தில் சேரவில்லை, பகையும் பாராட்டவில்லை.

அவர்களைப் பற்றி 1942-ல் ஒரு புத்தகம், 1964-ல் இன்னொன்று. பின்னதில் வருகிற 1856-ம் வருஷத்துக் கைவண்டிப் பயணத்தை நம்மவர்கள் அவசியம் படிக்கணும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை மார்மன்கள் மாட்டுவண்டிக்குக் காசில்லாமல், அயோவா சிட்டியிலிருந்து சுமார் 2,100 கி.மீ. கைவண்டி இழுத்து நடந்தார்கள். தலைவர் பிரிகாம் யங்கின் சிக்கனத் திட்டம் அது. கடைசி இரண்டு கூட்டங்கள் தாமதமாகக் கிளம்பின. வண்டிகளோ அவசரத்தில் பச்சை மரத்தில் செய்தவை. பச்சை மரம் காய்ந்தா சுருங்கும்னு முதல் வருஷ கார்ப்பென்டரி ஷாப்பிலேயே நமக்குச் சொல்லிட்டாங்களே! சக்கரங்கள் ஆட்டம் கண்டன, அச்சில் மணல் வேறு. அக்டோபரில் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள்.

திட்டம் போட்டவர்களின் தப்பை ஸ்டெக்னர் பூசி மெழுகவில்லை. அதற்காக, வண்டி இழுத்த பெண்களின் நெஞ்சுறுதியைக் குறைத்தும் சொல்லவில்லை. மார்மன் ஒருவர் முதலாவதை எழுதத் தயங்கியிருப்பார். அவர்களைப் பிடிக்காதவர் இரண்டாவதை விட்டிருப்பார்.

1993-ல் சான்டா ஃபேயில் கார் விபத்தில் அடிபட்டு, ஏப்ரல் 13-ல் காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும், 1930-ல் அவர் பட்டம் வாங்கிய யூட்டா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.