'இலை'யின் தும்பிக்கையை எடுத்தவர்: பெரியாரும் 13 எழுத்துகளும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் போனால் 'வாழை இலை' என்ற சொல் கண்ணில் படாமல் இருக்காது. 'ழை', 'லை' இரண்டும் இன்று ஒரே முறையில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் உங்கள் தாத்தா, பாட்டி படித்த புத்தகத்தில் 'லை'க்கு மட்டும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். அது எங்கே போனது?

அதற்குப் பின்னால் இருப்பவர், 1879-ல் ஈரோட்டில் பிறந்த ஈ.வெ. ராமசாமி, அதாவது பெரியார். சில ஆண்டுகளே பள்ளிக்குப் போனவர். அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு அரசியலுக்கு வந்தார். 1925-ல் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கினார். 1929-ல் மலாயாவுக்கும் வந்தார்.

எழுத்தில் என்ன சிக்கல்?

அப்போது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்துத்தான் அச்சடிக்க வேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை வழக்கமான குறிகளில் சேராமல் தனி வடிவில் இருந்தன. அதனால் கூடுதல் அச்சு, கூடுதல் வேலை. படிக்கிற பிள்ளைக்கும் கூடுதல் மனப்பாடம்.

அரபு எழுத்திலும் இதே தொல்லை உண்டு. ஜாவி படித்தவர்களுக்குத் தெரியும்: சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து எழுத்தின் வடிவம் மாறும். துருக்கி 1928-ல் அரபு எழுத்தையே விட்டு லத்தீனுக்கு மாறியது.

பெரியார் அவ்வளவு தூரம் போகவில்லை. 13 எழுத்துகளின் வடிவத்தை மட்டும் ஒழுங்காக்கி, 1935 ஜனவரியில் தன் இதழிலேயே அச்சிட்டார். மரபில் கை வைக்கலாமா என்று எதிர்ப்பு வந்தது. பெரும்பாலான பத்திரிகைகளும் பாடநூல்களும் பழைய வடிவத்தை விடவில்லை.

அவர் 1973-ல் இறந்தார். 5 ஆண்டுகள் கழித்து, 1978-ல், எம்.ஜி.ஆர். அரசு அந்த 13 எழுத்துகளை ஏற்றது. 'ஐ', 'ஔ' வேண்டாம். 'அய்', 'அவ்' போதும் என்ற அவரது யோசனையை மட்டும் ஏற்கவில்லை. பின்னர் மலேசியா, சிங்கப்பூர் பாடநூல்களிலும் புதிய வடிவம் வந்தது.

இழப்பே இல்லையா?

இருக்கிறது. பழைய புத்தகத்தைத் திறந்தால் நீங்கள் சில இடங்களில் தடுமாறுவீர்கள். ஆனால் அந்த வடிவங்கள் அழிந்துவிடவில்லை. யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் குறியீடு ஒன்றுதான். எப்படிக் காட்டுவது என்பது எழுத்துருவின் கையில். தும்பிக்கையை அடையாளம் காண அரை மணி நேரம் செலவழித்தால் போதும், தாத்தாவின் அலமாரி உங்களுக்கும் திறந்துவிடும்.