கரும்பணுவை எண்ணிய அம்மையார்

கண்டமங்கலத்தைச் சூழ்ந்த கழனிகளில் ஓங்கி நிற்குங் கரும்பை நாம் அறிவோம். அதன் கணுவினுள் நிகழ்வதை அறிவோர் நம்மிற் சிலரே. கண்ணுக்குப் புலனாகா உயிரணுக்கள் ஆங்கே பெருத்து, ஒன்று இரண்டாகப் பிரிந்து, கரும்பை வளர்க்கின்றன. பிரியுமுன் ஒவ்வோரணுவும் தன்னகத்துள்ள குரோமோசோம் என்னும் நுண்ணிழைகளை இரட்டித்துக்கொள்ளும். பின்னர்ச் சேயணுவிரண்டிற்கும் அவற்றைச் சமமாகப் பங்கிடும். அவ்விழைகளை எண்ணியறிவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

இவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் தலைச்சேரியிற் பிறந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவர நூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராகவும் விளங்கினார். மிஷன் கலாசாலை மாணவராகிய நமக்கு இச்செய்தி தனியுவகை தருவதாம். உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலை சென்று, 1931-இல் விஞ்ஞான டாக்டர் பட்டம் எய்தினார். மங்கையர்க்கு மணமே முடிவென்றிருந்த காலத்தில் மணம் புரியாது கல்வியையே பற்றி நின்றார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார். கோவைக் கரும்பைப் படைத்தவரே இவர் என்பாருமுளர், அது பொருந்தாது. இனிய கரும்பையும் நாணலையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் வகை 1918-லேயே வெளிவந்துவிட்டது. இவர் செய்தது வேறு. நம் கருத்தில் அதனினும் அரிது. இனிய கரும்பின் அணுவில் 80 குரோமோசோம்கள் உள. நாணலிலோ இடத்துக்கிடம் வேறுபட்டு 40 முதல் 128 வரை உள. இவ்விரண்டும் கலக்குங்கால் சந்ததியில் யாது நிகழும் என்பதை நுண்ணோக்கியின் வாயிலாக ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடுங் கலந்து பார்த்தார்!

பின்னர் இலண்டன் சென்று, குண்டுமாரிக்கிடையே பணியாற்றி, டார்லிங்டன் என்பாருடன் பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-இல் பெருநூல் வெளியிட்டார். அப்பால் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுக்களுக்குக் கோல்சிசின் என்னும் நஞ்சை இட்டார். நம் வேலிகளிற் படருஞ் செங்காந்தளிலும் இந்நஞ்சு உண்டு. இரட்டித்த இழைகளை இருபுறமும் ஈர்க்கும் நார்கள் உருவாகாதபடி அது தடுக்கும். அணு பிரியாது, இருமடங்கு குரோமோசோம்களோடு நின்றுவிடும். அத்தகைய அணுக்களினின்று வளர்ந்த செடிகள் பெரும்பாலும் தடித்த இலையும் பெரிய மலரும் உடையன.

இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்திருத்த நேரு அழைக்க, 1951-இல் தாயகம் மீண்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்திலேயே தங்கி, முதுமையிலும் ஆராய்ச்சியை விடாது, 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் உயிர் நீத்தார்.