போர்க்களத்தில் ஒலித்த பாவமன்னிப்பு



மன்னிப்பு யாருக்கு உரியது? நமக்கு வேண்டியவர்களுக்கு மட்டுமா? நம்மை எதிர்த்து நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டா? அருட்தந்தை வில்லியம் கோர்பியின் வாழ்வு இக்கேள்விக்குப் பதில் தருகிறது.

1833இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த இவர், திருச்சிலுவை சபையில் சேர்ந்து 1860இல் குருவானார். மறு ஆண்டு, அடிமைமுறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் மூண்டது. நோட்டர் டேம் கல்லூரியை விட்டுப் புறப்பட்ட இவர், வடக்கு அணியின் நியூயார்க் 88ஆவது தன்னார்வக் காலாட்படை ரெஜிமெண்டின் ஆன்மகுருவானார். ஐரிஷ் பிரிகேடைச் சேர்ந்த அந்த ரெஜிமெண்டில், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களே பெரும்பான்மையினர். வீரர்களோடு நடந்தார், கூடாரத்தில் தங்கினார், திருப்பலி நிறைவேற்றினார், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களுக்கு அருட்சாதனங்களை வழங்கினார். 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் களத்தில் மட்டும், பிரிகேடின் ஏறக்குறைய 1,200 பேரில் 500க்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர்.

1863 ஜூலை 2. கெட்டிஸ்பர்க். போருக்கு அழைப்பு வந்துவிட்டது; ஒவ்வொருவரின் பாவசங்கீர்த்தனத்தையும் கேட்க நேரமில்லை. தோளில் ஸ்டோலா அணிந்து பாறை ஒன்றின்மேல் ஏறினார் தந்தை. உண்மையாக மனஸ்தாபப்படவும், வாய்ப்புக் கிடைத்தவுடன் தனித்தனியே பாவசங்கீர்த்தனம் செய்ய உறுதி எடுக்கவும் வேண்டும் என்று விளக்கினார். வீரர்கள் முழந்தாளிட்டனர். பிற சபையினரும் தலைதாழ்த்தி நின்றனர். பொதுப் பாவமன்னிப்பு அளித்தார். அங்கிருந்து கோதுமை வயலுக்குள் சென்ற ஏறக்குறைய 530 பேரில் சுமார் 200 பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போயினர்.

1893இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் தந்தை ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறார். அந்தப் பாவமன்னிப்பு தம் படைக்கு மட்டும் உரியதல்ல. அன்று ஆண்டவர் முன் நிற்கவிருந்த வடக்கத்தியர், தெற்கத்தியர் அனைவருக்கும், அதைப் பெறத் தகுதியோடிருந்த எவருக்கும் உரியது. தம் மக்களைச் சுடக் காத்திருந்தவர்களையும் அவர் ஆசீரின் எல்லைக்குள் வைத்தார்.

பின்னர் இருமுறை நோட்டர் டேமின் தலைவரானார். 1879இல் தீக்கிரையான அதன் முதன்மைக் கட்டடத்தைச் சில மாதங்களிலேயே எழுப்பினார். 1897இல் இறைவனடி சேர்ந்தார். கையை உயர்த்தி ஆசீர் அளிக்கும் அவரது சிலை 1910 முதல் கெட்டிஸ்பர்க்கில் நிற்கிறது.

நம் வீடுகளிலும் பங்குகளிலும் அணிகள் உண்டு. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியர் ஒரே பீடத்தில் நற்கருணை பெறுகிறோம். நம் செபத்தில் எதிரணிக்கும் இடமுண்டா? வரும் ஞாயிறு சமாதானம் பகிரும்போது, நாம் பார்க்க மறுக்கும் அந்த முகத்தை நோக்கித் திரும்புவோம்.