ஆதரவற்ற சிறார்க்குப் பள்ளிவாயில் திறந்த அடிகளார்

நாவற்குடாவிலிருந்து பெருந்தெரு வழியே வடக்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்திற் கல்லடி உப்போடையை அடைகின்றோம். அங்கே சிவானந்த வித்தியாலய வளவினுள், மரநிழலிலே ஒரு சமாதி உண்டு. முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்தரின் திருவுடல் துயிலும் இடம் அது. அடிகளாரின் யாழ்நூலைப் புகழாத மேடை நம் நாட்டில் இல்லை. ஆனால் அவர் கட்டியெழுப்பிய மாணவர் இல்லத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இம்மலரிலே நாம் அதனையே எடுத்துக்கொள்கின்றோம். காரணம் பின்னர்க் கூறுவோம்.

1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகப் பிறந்த மயில்வாகனன், குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஏடு தொடக்கினார். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். மிஷனரிமாரின் பாடசாலைகள் இல்லையேல் அந்த மாணவனுக்கு விஞ்ஞானமும் ஆங்கிலமும் கிட்டியிரா. நாமும் மிஷன் பாடசாலையின் பிள்ளைகளே. இதனை மறைத்தல் நன்றிகொன்ற செயலாகும். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டம், அதன்பின் லண்டன் பி.எஸ்ஸி., மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி என்று ஏறிச் சென்றவர், 1922இல் அனைத்தையும் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் புகுந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தரானார்.

மயிலாப்பூரிலே 1905ஆம் ஆண்டு தொட்டு ஒரு மாணவர் இல்லம் நடந்து வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் அங்கே உணவும் உறையுளும் கல்வியும் கிட்டின. அடிகளார் இரண்டாண்டு வாழ்ந்தது அதன் அயலிலே என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1925இல் அவர் ஈழம் திரும்பி மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றபோது, இங்கு நிலைமை எவ்வாறிருந்தது? ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். இலவசக் கல்வி வந்தது 1945இலேதான். படுவான்கரைப் பிள்ளை வாவியைக் கடந்து வந்தாலும், அவன் தங்குவதற்கு வீடு வேண்டும், உண்பதற்குச் சோறு வேண்டும், அவனுக்காகப் பொறுப்பேற்க ஒரு பெரியவர் வேண்டும். தந்தையற்றவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. பள்ளியை மாத்திரம் திறந்து வைத்தால் அவன் வாயிலோடு நின்றுவிடுவான். ஊர்ப் பெரியோரின் துணையுடன் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்த அடிகளார், அதனோடு மாணவர் இல்லத்தையும் நிறுத்தினார். இரண்டையும் நடத்தியது ஒரே மிஷன். இல்லத்திற் சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளியிலே பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. அடிகளாரின் பெருஞ்செயல்களுள் இதனையே நாம் முதலில் வைப்போம். யாழ்நூலை விரும்புவோர் எம்மோடு பிணங்கினாலும் பிணங்கட்டும்.

இனி, காரணத்தைக் கூறுவோம். நமது மன்றத்தின் மாலை வகுப்புக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தகப்பன் இல்லை. தாய் மத்திய கிழக்கிலே வீட்டு வேலை. பிள்ளையை வேறு மாவட்டத்திலிருந்து கூட்டிவந்து வளர்ப்பவர் பெரியம்மா. விடுகைப் பத்திரம் இல்லை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை, பெரியம்மாவோ சட்டப்படி பாதுகாவலர் அல்லர் என்று ஒரு பாடசாலை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஏழு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். பெரியம்மாவோடு நாம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பின்னரே இடம் கிடைத்தது. அதுவும் ஒரு வகுப்புக் கீழே.

ஐந்து வயது முதல் பிள்ளைகள் கட்டாயம் பள்ளியில் இருக்க வேண்டும் என்ற விதி 1998இல் நம் நாட்டிலே நடைமுறைக்கு வந்தது; 2016இல் அதன் எல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26ஆம் திகதி நமது கரையை அழித்த பின்னர், பெற்றோரை இழந்த சிறாரின் பராமரிப்பை ஒழுங்குசெய்ய 2005இன் 16ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது அப்பேரலையாற் பாதிக்கப்பட்டோர்க்கே உரியது. இந்தியாவிலே 2009ஆம் ஆண்டுச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் அனுமதி மறுக்கலாகாது என்கின்றது. அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டமோ வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள பிள்ளையை, பழைய பள்ளியின் பதிவேடு கைக்கு வராவிடினும் உடனே சேர்க்கப் பணிக்கின்றது. பத்திரம் பின்னால் வரட்டும், பிள்ளை முதலில் வகுப்பில் அமரட்டும் என்பதே இதன் பொருள். கல்லடியில் 1929இலே எழுதப்படாத சட்டமாக நடந்ததும் இதுவே அன்றோ!

அடிகளார் ஓரிடத்தில் நிலைத்திருந்தாரல்லர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரானார். பகலிற் பட்டதாரி மாணவர்க்குப் பாடஞ்சொன்னவர், மாலையில் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். உயர்சாதியார் முகஞ்சுளித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் இமயச் சாரலின் மாயாவதியிலே பத்திரிகாசிரியப் பணி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் பதவி. எங்கு சென்றாலும் கல்லடிப் பிள்ளைகளின் தொடர்பு அறவில்லை.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. உடல் நலிந்திருந்த அடிகளார் ஈழம் மீண்டு, ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறையடி சேர்ந்தார். திருவுடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, வித்தியாலய வளவிலே சமாதி வைத்தனர். 1960களின் தொடக்கத்திலே பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது வித்தியாலயமும் அரசிடம் சென்றது. இல்லம் மிஷனிடமே நின்றது.