அன்னி பெசண்டு அம்மையார்

செஞ்சிக்கு அணித்தான மேல்மலையனூரில் மாசி மாதந்தோறும் நடைபெறும் மயானக் கொள்ளையை அறியாதார் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தாருள் மிகச் சிலரே. பிரமனது சிரத்தைக் கொய்த பாவத்தால் அக்கபாலம் சிவபெருமான் கையிலேயே ஒட்டிக்கொண்டதென்பதும், அங்காளம்மன் அதனை அகற்றினாள் என்பதும் அவ்வூர்த் தல புராணம் கூறுவன. நமது சமயம் வேறாயினும், இக்கதையுள் அடங்கிய ஓருண்மையை நாம் மறுத்தற்கில்லை. பாவமானது செய்தவன் கையை விட்டுத் தானே விழுவதன்று. அதனை அகற்ற வேறொருவர் வேண்டும் என்பதே அது.

பேய் பிடித்தவரென்று கருதப்படுவோர் பலர் அமாவாசைதோறும் அவ்வூருக்கு அழைத்து வரப்படுகின்றனர். கல்லூரியில் பயிலும் நம்மவர் அதனைக் கண்டு நகைப்பர். ஆயின், அத்தகைய அற்புதமே எண்களும் படங்களும் புடைசூழ, விஞ்ஞானம் என்னும் பெயர் தாங்கி, ஆங்கில மொழியில் வருமாயின், நகைப்பதை விடுத்து நம்பத் தலைப்படுவர். பாவத்துக்குப் பரிகாரம் யாது, அற்புதத்தை அளக்கும் கோல் யாது என்னும் இவ்விரு வினாக்களையும் நெடுநாள் சுமந்து திரிந்த ஒரு மாதரசியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அன்னி உட் என்னும் இயற்பெயருடைய அம்மையார் 1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் பக்தி மிக்கவராய், உபவாசமும் ஜெபமும் தவறாதவராய் வளர்ந்தார். 1867ஆம் ஆண்டில் பிராங்க் பெசண்டு என்னும் இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவரை மணந்து, ஓர் ஆண்மகவையும் மேபெல் என்னும் பெண்மகவையும் பெற்றார்.

1871ஆம் ஆண்டில் அக்கைக்குழந்தை கக்குவான் இருமலால் மூச்சுத் திணறி, பல வாரங்கள் உயிருக்குப் போராடிற்று. தாய் இரவும் பகலும் அதனை மடியில் தாங்கியிருந்தார். குழந்தை பிழைத்தது, தாயின் விசுவாசமோ பிழைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாச் சிசுவை இங்ஙனம் வதைக்க நல்ல கடவுள் எவ்வாறு இடங்கொடுப்பார் என்னும் வினா அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. விடை நாடி நூல்கள் பலவற்றைக் கற்றார். ஆக்ஸ்போர்டு சென்று புகழ்பெற்ற பியூசி ஐயரையும் கண்டார். அப்பெரியாரோ, இனி நூல்களைப் படியாமல் ஜெபம் செய்யும்படி கூறியனுப்பினார். அழுத தாய்க்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஐயுற்ற அறிவுக்கு விடையும் கிடைக்கவில்லை. தம் மனச்சாட்சிக்கு மாறாக நற்கருணை பெற அவர் இசையாமையால், 1873ஆம் ஆண்டில் கணவரைப் பிரிய நேர்ந்தது.

அதன்பின் அம்மையார் சார்ல்ஸ் பிராட்லா என்பாரோடு சேர்ந்து நாத்திகப் பிரசாரத்தில் இறங்கினார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டமைக்காக 1877இல் இருவரும் வழக்குக்கு உள்ளாயினர். அந்நூலையும் அவரது நாத்திகத்தையும் காரணமாகக் காட்டி, 1878இல் நீதிமன்றத்தார் மேபெலைத் தாயினின்றும் பிரித்துத் தந்தையிடம் ஒப்புவித்தனர். தம் மடியிற் கிடத்திக் காத்த அதே குழந்தையைச் சமயத்தின் பெயரால் இழந்த அத்தாய்க்குக் கிறிஸ்து மார்க்கம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைக் கிறிஸ்தவராகிய நாம் நாணத்தோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இலண்டன் சர்வகலாசாலை மாதர்க்குத் தன் கதவைத் திறந்த காலையில் அம்மையார் அங்குச் சேர்ந்து விஞ்ஞானம் கற்றார். பட்டம் மட்டும் கிட்டவில்லை. 1888ஆம் ஆண்டில், இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் அற்பக் கூலிக்கு உழைத்து, பாஸ்பரஸ் நஞ்சால் தாடை எலும்பு அழுகும் அபாயத்துக்கும் உட்பட்ட ஏழைப் பெண்களின் துயரை வெளிப்படுத்தினார். ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி பெற்றனர். நாத்திகர் எனப் பழிக்கப்பட்ட ஒருவர், நல்ல சமாரியனைப் போல் வழியருகே கிடந்தோரைக் கண்டு நின்றார் என்பது மறக்கற்பாலதன்று.

இனி, அவர் வாழ்வின் பெருந்திருப்பம். 1889ஆம் ஆண்டில் பத்திரிகாசிரியர் ஸ்டெட் என்பார் மதிப்புரை எழுதுமாறு ஒரு பெருநூலை அம்மையார் கையில் கொடுத்தார். அது பிளவாட்ஸ்கி அம்மையார் இயற்றிய இரகசியக் கோட்பாடு என்னும் நூல். பிளவாட்ஸ்கி, ஆல்காட் முதலியோர் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சங்கம் 1882 முதல் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்டிருந்தது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்துமாக்கள் எழுதிய கடிதங்கள் அங்கு அற்புதமாய் வந்து விழுவதாகக் கூறப்பட்டது. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, முன்பு அச்சங்கத்தில் பணியாற்றிய கூலோம் தம்பதியர் கொடுத்த கடிதங்களை வெளியிட்டு, அவ்வற்புதங்கள் சூழ்ச்சியே எனக் காட்ட முற்பட்டது. இலண்டன் அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகத்தார் அனுப்பிய ரிச்சர்டு ஹாட்ஸன் அடையாறு வந்து ஆராய்ந்தார். பிளவாட்ஸ்கி வஞ்சித்தனர் என்பதே 1885இல் வெளிவந்த அவரது அறிக்கையின் முடிபு. அவ்வறிக்கை நடுநிலை பிறழ்ந்ததென அதே கழகத்தின் பத்திரிகையில் 1986ஆம் ஆண்டில் வெர்னன் ஹாரிசன் என்னும் அறிஞர் கண்டித்தெழுதினார் என்பதையும் ஈண்டுக் கூறுதல் நீதியாம்.

சங்கத்தில் சேர வந்த பெசண்டு அம்மையாரை, முதலில் அவ்வறிக்கையைப் படித்து வருமாறு பிளவாட்ஸ்கியே ஏவினார். அம்மையார் படித்தார், அந்தப் பெருவிழிகளையுடைய மூதாட்டி வஞ்சகியாக இருக்க முடியாதெனத் துணிந்து, உடனே சேர்ந்துவிட்டார். பதினைந்து ஆண்டுகள் வேதத்தின் ஒவ்வொரு சொல்லையும் சான்று கேட்டு வினவியவர், இங்கு ஒரு முகத்தின் கவர்ச்சியையே சான்றாகக் கொண்டார்.

1893 நவம்பர் 16ஆம் நாள் அம்மையார் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி முதன்முறை இந்திய மண்ணை மிதித்தார். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907இல் சங்கத் தலைவரானார். அவர் நாவன்மையில் மயங்காதவர் அரியர். ஈர்ப்பு விதியைப் போலக் கர்ம விதியும் மாறாத இயற்கை விதியே, ஆதலால் பாவமன்னிப்பு என்பதற்கு இடமில்லை, அவரவர் வினையை அவரவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்று அவர் போதித்தார். ஈர்ப்பு விதியை ஒரு கல்லை எறிந்து எவரும் சோதிக்கலாம். முற்பிறப்புக் கணக்கை எந்தத் தராசில் நிறுப்பது? அன்றியும், மூச்சுத் திணறிய குழந்தையைக் கண்டு எழுந்த பழைய வினாவுக்கு இவ்விடை ஆறுதலாகுமா? அக்குழந்தை தான் செய்த குற்றத்துக்கே துன்புற்றது என்றல்லவோ ஆகின்றது! பிறவிக்குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ எனச் சீடர் வினவியபோது, இரண்டுமன்று என நம் ஆண்டவர் மறுத்ததை இங்கு நினைவுகூர்க.

ஞானதிருஷ்டியை விஞ்ஞானமாக்கும் முயற்சியும் நடந்தது. லெட்பீட்டர் என்பாரும் அம்மையாரும் தம் அகக்கண்ணால் மூலப்பொருள்களின் உள்ளமைப்பைக் கண்டதாக 1895இல் எழுதி, 1908இல் மறைபொருள் இரசாயனம் என்னும் நூலாக விரித்து வெளியிட்டனர். பொருளின் கடைசித் துகளுக்கு அணு என்னும் நம் நாட்டுப் பெயரையே சூட்டினர். ஹைட்ரஜனில் 18, நைட்ரஜனில் 261, ஆக்ஸிஜனில் 290 அணுக்கள் எண்ணினர். பதினெட்டால் வகுத்துப் பார்ப்போம். ஆக்ஸிஜனுக்கு ஏறத்தாழ 16.1 வருகின்றது, அஃது ஆய்வுச்சாலைக் கணக்காகிய 16ஐ அடுத்து நிற்கின்றது. நைட்ரஜனுக்கு 14.5 வருகின்றது, உண்மையோ 14. பொருந்திய எண் அக்காலத்துப் பாடநூல்களில் முன்னமே இருந்தது. 1897இல் தாம்ஸன் எலக்ட்ரானையும், 1911இல் ரதர்போர்டு அணுக்கருவையும் நிலைநாட்டிய பின், ஹைட்ரஜன் ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் கொண்டதென்பது தெளிவாயிற்று. அப்பதினெட்டை எந்த ஆய்வுச்சாலையும் கண்டதில்லை. எண்களை நாம் வகுத்துப் பார்க்கலாம்; எண்ணிய கண்ணைச் சோதிக்க வழியில்லை. பிறர் சோதிக்க இயலாத காட்சி எத்துணைப் படங்களோடு வரினும் விஞ்ஞானமாகாது.

1909இல் அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவரை லெட்பீட்டர் கண்டு, வரப்போகும் ஜகத்குருவுக்கு ஏற்ற பாத்திரம் இவரே என்றார். கிறிஸ்தவர் கிறிஸ்து என்று வணங்குபவரே அந்த ஜகத்குரு என்பது சங்கத்தார் போதனை. அம்மையார் அச்சிறுவரையும் அவர் தம்பியையும் வளர்க்கும் உரிமையை ஏற்றார். லெட்பீட்டரின் சேர்க்கையை விரும்பாத தந்தை நாராயணய்யா மக்களைத் திரும்பக் கேட்டு வழக்காடினார். 1913இல் சென்னையில் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. 1914இல் இலண்டன் பிரிவி கவுன்ஸில் அதனை மாற்றிற்று. வழக்கால் மகளை இழந்த தாய், வழக்கால் மற்றொருவர் மக்களைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டார்! முடிவில், 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆலந்து நாட்டு ஒம்மன் என்னுமிடத்தில், கிருஷ்ணமூர்த்தி தமக்கென அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். அம்மையாருக்கு அப்போது வயது எண்பத்தொன்று.

எனினும் அவர் நாட்டுக்குச் செய்த நன்மையை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். 1916இல் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கி, 1917இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டு, அவ்வாண்டிறுதியில் கல்கத்தா காங்கிரஸுக்கு முதற்பெண் தலைவராக வீற்றிருந்தார். 1933 செப்டம்பர் 20ஆம் நாள் அடையாற்றில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்காள்! இச்சரித்திரத்தை அவரைத் தூற்றும் கருவியாகக் கொள்ளற்க. முதற் குற்றம் நம் பக்கத்தது. தாய் கேட்டபோது நம் முன்னோர் மறுமொழி கூறவில்லை; மறுமொழிக்கு ஈடாக மகளைப் பறித்தனர். இன்று குவாண்டம் என்றும் அதிர்வலை என்றும் புதுப்பெயர் சூடிப் பழைய மாயங்கள் நம் கைப்பேசிகளிலேயே வருகின்றன. கிறிஸ்துவின் பெயரால் வரும் போலி அற்புதங்களும் அவற்றுள் உண்டு. ஆவிகளைச் சோதித்தறியுமாறு யோவான் அப்போஸ்தலன் இட்ட கட்டளை அயலாருக்கு மட்டும் அன்று; முதலில் நமக்கே ஆம். ஆயின், சோதனையால் பொய் விலகுமேயன்றிப் பாவம் விலகாது. கையில் ஒட்டிய கபாலத்தை அறிவோ, பிறவிகளின் எண்ணிக்கையோ உதறித் தள்ளாது. குற்றமற்றவராய்த் துன்புற்ற ஒருவரது சிலுவையின்கீழ் அதனை அறிக்கையிட்டு இறக்கி வைப்பதே வழி. அவ்வழியை, கேட்டு வருவோர்க்கு அன்போடு காட்டுவோமாக.