டெல்ஃப்ட் நகரத்து மருத்துவர்

சென்ற திங்கள் ஆய்வுக்கூடத்தில் முயலின் சூலகச் சீவல் ஒன்றை நுண்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் நிறைந்த சிறு பைகள் தென்பட்டன. ‘கிராஃபியன் பை’ என்று மனப்பாடம் செய்த பெயர்தான். அந்தக் கிராஃப் யார் என்று அன்றுதான் கேட்கத் தோன்றிற்று. தேர்வுக்குப் படிப்பவனுக்குப் பெயர் போதும் அல்லவா!

ரெக்னியர் டி கிராஃப் 1641-இல் ஹாலந்து நாட்டில் பிறந்தார். லெய்டனில் பயின்று, பிரான்சில் ஆஞ்சே நகரில் 1665-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கத்தோலிக்கர் ஆதலால் புராட்டஸ்டண்டு நாட்டில் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. டெல்ஃப்ட் நகரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆராய்ந்தார்.

சூலகத்தை அந்நாளில் ‘பெண் விரை’ என்றே அழைத்தனர். கிராஃப் பெண்முயல்களை ஆணுடன் சேரவிட்டு, மணிக்கணக்கும் நாள்கணக்கும் வைத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். பைகள் வெடித்த இடத்தில் தோன்றிய திரள்களை எண்ணினார். கருக்களையும் எண்ணி ஒப்பிட்டார். முட்டை சூலகத்திலிருந்தே வருகிறது என்று 1672-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார்.

ஆனால் பை முழுவதையுமே முட்டை என்று கருதிவிட்டார். மூன்றாம் நாள் கருக்குழாயில் கண்ட உருண்டைகளோ பையைவிட மிகச் சிறியவை! தம் கொள்கைக்கு ஒவ்வாத இதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். எனக்கு அவர் கண்டுபிடிப்பினும் இதுவே பெரிதாகப் படுகிறது. என் குறிப்பேட்டில் ஒவ்வாத எண் ஒன்றை அடித்துவிட அந்த வாரந்தான் என் கை நீண்டது. பைக்குள் இருக்கும் உண்மையான முட்டையை 1827-இல் பேயர் நாயிடம் கண்டார்.

பையை வெடிக்கச் செய்வது எது? கிராஃபுக்குத் தெரிய வழியில்லை. முயலில் கலவியின் தூண்டுதல் மூளை வழியே பிட்யூட்டரிச் சுரப்பியை எட்டுகிறது. அது விடும் ஹார்மோனால் சுமார் பத்து மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. மகளிருக்குக் கலவி வேண்டுவதில்லை. வளரும் பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் மிகுந்ததும் பிட்யூட்டரி அதே ஹார்மோனை விடுகிறது. வெடித்த பை மஞ்சள் திரளாகிப் புரொஜெஸ்டிரோன் சுரக்கும். கரு தங்காவிடில் ஏறத்தாழ இரு வாரத்தில் அது வாட, மாதவிடாய் வரும். அந்தத் திரளின்றிக் கரு நிலைக்காது என்பதை 1903-இல் ஃபிரெங்கல் காட்டியதும் முயலிடத்தேதான்.

யார் முதலில் கண்டது என்று சுவாமர்டாம் கிளப்பிய பூசல் கிராஃபின் இறுதி நாட்களைக் கசப்பாக்கியது. அந்நிலையிலும், 1673 ஏப்ரலில், தம் ஊர்த் துணி வணிகர் லீவன்ஹூக்கின் நுண்பெருக்கிகளைப் புகழ்ந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் இறந்தார், வயது 32. விந்தணுவைக் கண்டு உலகுக்கு அறிவித்த லீவன்ஹூக், பின்னர் கிராஃபின் முட்டைக் கொள்கையையே எதிர்த்து வாதாடினார்.